பல கோப்புகள், ஒரு நூல்: வெற்றுரைக் குறிமொழிகளில் தொகுப்புக் கட்டளையின் வரலாறு (1964–2016)

1. முன்னுரை

கணினியில் நெடிய நூல் எழுதுவோர் அதனை ஒரே கோப்பாக வைத்துக்கொள்வது அரிது. இயலுக்கு ஒரு கோப்பு, பின்னிணைப்புக்கு ஒரு கோப்பு, சொல்லடைவுக்கு ஒரு கோப்பு எனப் பிரித்து எழுதுவர். அச்சுக்கோ இணையத்துக்கோ அனுப்பும் வேளையில் அவற்றை ஒன்றாக்குவர். பலர் கூடிச் செய்யும் பதிப்பாயின் இந்தப் பிரிவினை இன்றியமையாதது. ஒருவர் கனடாவிலும் ஒருவர் நார்வேயிலும் ஒருவர் மலேசியாவிலும் இருந்து தட்டச்சு செய்யும் நூலுக்கு வேறு வழியும் இல்லை.

தலைப்பு இது, மேற்கோள் இது, அடிக்குறிப்பு இது என்பதை வெறும் எழுத்துகளாலேயே உரைக்குள் குறித்துச் செல்லும் முறையை வெற்றுரைக் குறிமொழி என்று இங்கே வழங்குகிறோம். அவ்வுரையை அச்சுப் பக்கமாகவோ இணையப் பக்கமாகவோ மாற்றி வெளியே அனுப்புவது ஏற்றுமதி. இம்முறையில் எழுதப்படும் நூலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஆசிரியரின் மேசையில் இருப்பவை உறுப்புகளே. முழு நூல் ஏற்றுமதியின்போதுதான் உருவாகிறது. ஆகவே உறுப்புகளைச் சேர்க்கும் கட்டளை சிறியதாயினும், நூலின் நூல்தன்மை அதில் தங்கியிருக்கிறது.

அக்கட்டளையின் வரலாற்றை 1964 முதல் 2016 வரை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒவ்வொரு காலத்திலும் மூன்று வினாக்களே திரும்பத் திரும்ப எழுந்தன. உறுப்புகளை எப்போது சேர்ப்பது, குறியீடுகளைப் பொருள்கொள்வதற்கு முன்னா பின்னா? ஓர் உறுப்பில் வழங்கும் எண்ணும் பெயரும் மற்றோர் உறுப்பில் செல்லுமா? உறுப்புகளின் வரிசையை யார் சொல்வது? இவ்வினாக்களுக்குக் கிடைத்த விடைகளைத் தொடர்ந்து, அவை தமிழ் மின்னூல் தொகுப்புப் பணிக்கு உணர்த்துவன யாவை என்பது இறுதிப் பகுதிகளில் கூறப்படும்.

2. தொடக்கம்: ரன்ஆஃப் முதல் டிராஃப் வரை

அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். என்ற கணினி அமைப்பு 1960களின் தொடக்கத்தில் இயங்கிவந்தது. அதற்காக ஜெரோம் சால்ட்சர் எழுதிய ரன்ஆஃப் என்ற நிரல் 1964இல் பயன்பாட்டுக்கு வந்தது. தம் முனைவர்ப் பட்ட ஆய்வுக்குரிய முன்மொழிவை அச்சிட்டுக்கொள்ளும் தேவையே அவரை அதற்குத் தூண்டியது. புள்ளியில் தொடங்கும் வரி கட்டளை, ஏனையவை உரை என்பது அதன் இலக்கணம். வரி நீளம், பத்தி இடைவெளி, பக்கத் தலைப்பு முதலியவற்றுக்கான கட்டளைகளோடு 'அப்பெண்ட்' என்ற ஒன்றும் அதில் இருந்தது. குறிப்பிட்ட கோப்பின் முதல் வரியையே அடுத்து வரும் வரியாகக் கொள்க என்பது அதன் பொருள். ஒரு கைப்பிடிக் கட்டளைகளே கொண்ட அந்நிரலில் கோப்புகளை இணைக்கும் கட்டளைக்கும் இடம் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஆவணம் கணினிக்குள் புகுந்தபோதே பகுத்து எழுதித் தொகுத்து வெளியிடும் தேவையும் உடன் புகுந்தது.

ரன்ஆஃபின் வழித்தோன்றலாகிய ராஃப் பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் அமைப்பில் நிலைபெற்றது. 1971இல் அவ்வாய்வகத்தின் காப்புரிமைத் துறையினர் தம் விண்ணப்பங்களை ஆயத்தம் செய்வதற்கு யூனிக்ஸைப் பயன்படுத்தத் தொடங்கினர். ஜோ ஒசானா எழுதிய என்ராஃப், அச்சுக்கோக்கும் பொறிக்கென அவர் 1973இல் எழுதிய டிராஃப் ஆகியவை இம்மரபின் முதன்மையான நிரல்கள். இவற்றில் சேர்ப்புக்கு இரண்டு கட்டளைகள் இருந்தன. 'எஸ்.ஓ.' என்பது குறிப்பிட்ட கோப்பைப் படித்து முடித்ததும் விட்ட இடத்துக்குத் திரும்பிவருவது. 'என்.எக்ஸ்.' என்பது அடுத்த கோப்புக்குச் சென்றுவிடுவது, திரும்புதல் இல்லை. முன்னது ஒரு நூலுக்குள் மற்றொன்றை அடக்குகிறது. பின்னது ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலியிடுகிறது. அடக்குதல், தொடுத்தல் என்ற இவ்விரு வகையும் பின்வந்த எல்லாக் குறிமொழிகளிலும் ஏதேனும் ஒரு பெயரில் தொடர்கின்றன.

இக்காலத்திலேயே முதல் வினா தலைதூக்கியது. அட்டவணைகளை அமைக்க டி.பி.எல்., கணிதச் சமன்பாடுகளை அமைக்க ஈ.க்யூ.என். எனத் தனித்தனி முன்னியக்க நிரல்கள் இருந்தன. அவை உரையை முதலில் படித்து, தமக்குரிய பகுதிகளை மாற்றி, எஞ்சியதை டிராஃபுக்கு அனுப்பும். முதன்மைக் கோப்பில் 'எஸ்.ஓ.' என்ற கட்டளை இருந்தால் அவை அதனைப் பொருட்படுத்தாமல் அப்படியே கடத்திவிடும். கோப்பைத் திறப்பவர் டிராஃபே. அப்போது உள்ளே அட்டவணை இருப்பின், அதனை அமைக்க வேண்டிய நிரல் தன் வேலையை முடித்துச் சென்றிருக்கும். விளைவாக அட்டவணை அட்டவணையாக வராது. இதற்குத் தீர்வாக பெர்க்லி பல்கலைக்கழக யூனிக்ஸில் சோஎலிம் என்ற சிறு நிரல் எழுந்தது. எல்லாவற்றுக்கும் முன்னதாக ஓடி, 'எஸ்.ஓ.' கட்டளைகளின் இடத்தில் உரிய கோப்புகளின் உரையை நிரப்பிவிடுவதே அதன் ஒரே வேலை. தவறான கட்டத்தில் சேர்த்தால் சரியான உறுப்பும் பொருளிழக்கும் என்பதற்கு இதுவே முதல் சான்று.

3. டெக், லாடெக்: எண்களின் தொடர்ச்சி

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டொனால்ட் குனூத் தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப் படிகள் மனநிறைவு தராமையால் 1977இல் டெக் என்ற அச்சுக்கோப்பு மொழியை வகுக்கத் தொடங்கினார். அதன் 'இன்புட்' கட்டளை மிக எளியது. குறிப்பிட்ட கோப்பின் உரை அவ்விடத்திலேயே தட்டச்சு செய்யப்பட்டிருந்தால் என்ன நிகழுமோ அதுவே நிகழும். உறுப்புக்கு எல்லை என்பதே இல்லை.

1980களின் முற்பகுதியில் லெஸ்லி லாம்போர்ட் டெக்கின் மேல் லாடெக்கை எழுப்பினார். அவர் 'இன்புட்' கட்டளையை ஒட்டி 'இன்க்ளூட்' என்ற வேறொன்றையும் அமைத்தார். இது ஒவ்வொரு கோப்பையும் புதிய பக்கத்தில் தொடங்குகிறது; முடிவில் பக்கத்தை மூடுகிறது. அதோடு, அக்கோப்பில் உள்ள இயல் எண், பக்க எண், குறுக்குக் குறிப்புகள் ஆகியவற்றைத் தனித் துணைக் கோப்பு ஒன்றில் எழுதிவைக்கிறது. அக்காலக் கணினிகளில் முழு நூலையும் அச்சுக்கோக்க நெடுநேரம் பிடித்தது. ஏழாம் இயலில் ஒரு சொல்லைத் திருத்துவதற்காக முதல் ஆறு இயல்களையும் மீண்டும் கோக்க வேண்டியிராதபடி 'இன்க்ளூட்ஒன்லி' என்ற கட்டளை உதவியது. ஏழாம் இயலை மட்டும் கோக்கும்போதும் ஏனைய இயல்களின் துணைக் கோப்புகளைப் படித்து, அது ஏழாம் இயல் என்பதையும் இத்தனையாம் பக்கத்தில் தொடங்குகிறது என்பதையும் லாடெக் நினைவில் வைத்திருந்தது.

இங்கே சேர்ப்பின் வரலாறு ஒரு படி மேலே செல்கிறது. உறுப்பு தனியே நிற்கும்போதும் முழுமையில் தன் இடத்தை அறிந்திருக்கிறது. இதற்கு ஈடாகச் சில கட்டுப்பாடுகளும் வந்தன. 'இன்க்ளூட்' செய்த கோப்புக்குள் மற்றொன்றை 'இன்க்ளூட்' செய்யலாகாது. இயல் அளவினும் சிறிய துண்டுகளுக்குப் புதுப் பக்கம் தொடங்குவது இடையூறு. எனினும், எழுத்துகளை ஒட்டுவது மட்டுமன்று, எண்களின் உறவைக் காப்பதும் சேர்ப்பின் கடமை என்பதை லாடெக் நிலைநாட்டியது.

4. எஸ்.ஜி.எம்.எல்., எக்ஸ்.எம்.எல்.: உறுப்பும் தானே ஓர் ஆவணம்

1986இல் ஐ.எஸ்.ஓ. 8879 என்ற பன்னாட்டுத் தரமாக வெளியான எஸ்.ஜி.எம்.எல்., வெளிக்கோப்புக்கு ஒரு பெயர் சூட்டி, அப்பெயரை உரையில் வேண்டிய இடத்தில் எழுதினால் கோப்பின் உள்ளடக்கம் அங்கே வந்து நிற்கும் வகை செய்தது. 1998 பிப்ரவரியில் வெளியான எக்ஸ்.எம்.எல். இம்முறையை மரபுரிமையாகப் பெற்றது. ஆனால் இவ்வாறு அழைக்கப்படும் கோப்பின் தலையில் ஆவண வகை அறிவிப்பு இருத்தல் கூடாது. அறிவிப்பு இல்லையேல் அது தனி ஆவணமாகச் சரிபார்ப்புக்கு உட்படாது. அறிவிப்பு இருந்தாலோ முழு நூலில் சேராது. ஓர் இயலை எழுதியவர் அது பிழையின்றி இருக்கிறதா என்று தனியே சோதிக்க இயலாத நிலை கூட்டுப் பணிக்குப் பெருந்தடை.

2004 டிசம்பரில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் பரிந்துரைத்த எக்ஸ்இன்க்ளூட் என்ற தரம் இச்சிக்கலைத் தீர்க்க முயன்றது. அது எழுத்துச் சரங்களை ஒட்டுவதில்லை. ஒவ்வொரு கோப்பும் முதலில் தனி ஆவணமாகப் படிக்கப்பட்டுக் கிளையமைப்பாக மாறுகிறது. அதன்பின் கிளைகள் இணைக்கப்படுகின்றன. அழைத்த கோப்பு கிடைக்காவிடின் அதற்கு மாற்றாக எதை இடுவது என்றும் சொல்லலாம். உறுப்புக் கோப்பு வேறோர் அடைவில் இருந்து, அதிலிருந்து படங்கள் அழைக்கப்பட்டிருந்தால், அவற்றின் முகவரி பிறழாதிருக்க அடிப்படை முகவரியும் உடன் பதியப்படுகிறது. ஆயினும் ஒரே அடையாளப் பெயர் இரண்டு கோப்புகளில் வழங்கினால் அம்மோதலை அது தானாகத் தீர்த்துவைப்பதில்லை. இரண்டாம் வினா முழுமையாக விடைபெறவில்லை.

5. எளிய குறிமொழிகள்: ஆஸ்கிடாக், ஆர்க், மார்க்டவுன்

கோணக் குறிகள் நிறைந்த எக்ஸ்.எம்.எல். உரையைக் கையால் எழுதுவது களைப்பூட்டுவது. 2000களின் தொடக்கத்தில், மின்னஞ்சலில் இயல்பாக எழுதுவது போன்ற தோற்றமுடைய எளிய குறிமொழிகள் பரவின. 2002இல் ஸ்டூவர்ட் ராக்காம் ஆஸ்கிடாக்கை வெளியிட்டார். 2003இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் ஈமாக்ஸ் தொகுப்பியில் இயங்கும் ஆர்க் முறையைத் தொடங்கினார். 2004இல் ஜான் குரூபர் மார்க்டவுனை அறிமுகம் செய்தார். இம்மூன்றும் சேர்ப்பை நோக்கிய விதம் வெவ்வேறு.

ஆஸ்கிடாக்கில் சேர்ப்புக் கட்டளை முன்னியக்க நிலையிலேயே செயற்படுகிறது. சோஎலிமின் மரபு எனலாம். அடுத்தடுத்து இரண்டு கோப்புகளை அழைக்கும்போது நடுவில் ஒரு வெற்று வரி விடுவது நல்வழக்கு. இல்லையேல் முன்கோப்பின் இறுதிப் பத்தியும் பின்கோப்பின் தலைப்பும் ஒன்றாகிவிடக்கூடும். தலைப்பின் படிநிலையைத் தாழ்த்தவும் உயர்த்தவும் அதில் வழியுண்டு. தனிக் கட்டுரையாக எழுதப்பட்டபோது முதல் நிலையில் இருந்த தலைப்பு, நூலின் ஓர் இயலாக அமையும்போது இரண்டாம் நிலைக்கு இறங்க வேண்டும் அன்றோ?

ஆர்க் முறை ஏற்றுமதியையே மையமாகக் கொண்டது. அதன் 'இன்க்ளூட்' கட்டளை ஆசிரியர் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒன்றும் செய்வதில்லை. முதன்மைக் கோப்பில் அது ஒற்றை வரியாகவே நிற்கும். ஏற்றுமதி தொடங்கியதும் அவ்வரியின் இடத்தில் உரிய கோப்பு விரிகிறது. அழைக்கப்பட்ட கோப்பின் தலைப்புகள், அழைத்த இடத்துத் தலைப்பின் கீழ்ப் பிள்ளைகளாக அமைகின்றன; வேண்டுமாயின் அவற்றின் குறைந்தபட்ச நிலையை எண்ணால் குறிக்கலாம். முழுக் கோப்பையும் அன்றி, இத்தனையாம் வரி முதல் இத்தனையாம் வரி வரை என்று பகுதியை மட்டும் அழைக்கலாம். நிக்கொலா குவாஸியூவின் முயற்சியால் 2013இல் எட்டாம் பதிப்போடு புதுக்கி எழுதப்பட்ட ஏற்றுமதி இயந்திரம் அடிக்குறிப்புகளையும் கருத்தில் கொள்கிறது. இரண்டு இயல்களிலும் முதல் அடிக்குறிப்புக்கு '1' என்றே பெயரிருந்தால், சேர்க்கும்போது அவ்வவ்கோப்புக்குரிய அடையாளத்தை முன்னொட்டாக இட்டு அவற்றை வேறுபடுத்துகிறது. ஓரியலின் குறிப்பு மற்றோரியலின் அடியில் போய் நிற்கும் பிழை இதனால் நீங்குகிறது.

மார்க்டவுனின் மூல விதிகளில் சேர்ப்புக் கட்டளையே இல்லை. சிறு கட்டுரைகளை இணையத்தில் இடுவதற்காக வகுக்கப்பட்ட மொழிக்கு அது தேவைப்படவுமில்லை. ஆனால் மக்கள் அதில் நூல்கள் எழுதத் தொடங்கினர். குறை நிரப்பும் பொறுப்பு ஏற்றுமதி நிரல்களிடம் வந்தது. பெர்க்லியின் மெய்யியல் பேராசிரியர் ஜான் மக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட பாண்டாக், கட்டளை வரியில் எத்தனை கோப்புகளைக் கொடுத்தாலும் கொடுத்த வரிசையில், இடையே வெற்று வரியிட்டு, ஒரே உரையாக்கிப் பின் பொருள்கொள்ளும். அடிக்குறிப்புப் பெயர்கள் மோதுமாயின், ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே பொருள்கொண்டு பின்னர்ச் சேர்க்கும்படி பணிக்க வேறொரு விருப்பத்தேர்வு உண்டு. 2016இல் யீஹுய் ஷியே வெளியிட்ட புக்டவுன் என்ற தொகுப்பு நிரல் இவ்விரு நெறிகளையும் வெளிப்படையாகவே பிரித்துப் பேசுகிறது: சேர்த்துப் பின் இயக்குதல், இயக்கிப் பின் சேர்த்தல். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் டிராஃபும் சோஎலிமும் எதிர்கொண்ட அதே வினா, இப்போது ஆசிரியரே தெரிவு செய்யும் ஒன்றாக வந்து நிற்கிறது.

6. வரிசையை யார் சொல்வது?

மூன்றாம் வினாவுக்கு வருவோம். லாடெக்கிலும் ஆர்க்கிலும் வரிசையைச் சொல்வது முதன்மைக் கோப்பு. பைத்தான் மொழியின் ஆவணங்களுக்கென கியோர்க் பிராண்டல் 2008இல் வெளியிட்ட ஸ்ஃபிங்ஸில், உறுப்புகளின் பெயர்ப்பட்டியல் ஒன்றே நூலின் கிளையமைப்பைத் தீர்மானிக்கிறது. இவற்றில் வரிசை எழுதப்பட்ட ஒன்று. படிக்கலாம், திருத்தலாம், பாதுகாக்கலாம். புக்டவுனிலோ, வேறு பட்டியல் தரப்படாவிடின் கோப்புப் பெயர்களின் அகரவரிசையே இயல்களின் வரிசை. அடைவில் உள்ள எல்லாக் கோப்புகளையும் ஒருசேரப் பாண்டாக்குக்குக் கொடுப்போரும் இவ்வாறே பெயர்வரிசையை நம்புகின்றனர்.

பெயர்வரிசையை நம்புவதில் இரண்டு இடர்கள் உள்ளன. முதலாவது யாவர்க்கும் பொதுவானது. எழுத்தெழுத்தாக ஒப்பிடும்போது 'இயல்10' என்பது 'இயல்2' என்பதற்கு முன்னால் வந்துவிடும். ஆகவேதான் 01, 02 எனச் சுழியிட்டு எழுதும் வழக்கம் உண்டாயிற்று.

இரண்டாவது தமிழுக்கே உரியது. ஒருங்குறியில் தமிழ் எழுத்துகள் பிற இந்திய எழுத்துகளுக்கு இணையான இடங்களில் வைக்கப்பட்டன. தமிழ் நெடுங்கணக்கின்படி அன்று. எனவே குறியெண் வரிசையில் ன என்பது ந-வை அடுத்தும், ற என்பது ர-வை அடுத்தும் நிற்கின்றன. ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னால், அதுவும் ள முந்தியதாக வருகின்றன. ச-வுக்கும் ஞ-வுக்கும் இடையில் ஜ புகுகிறது. மெய்யெழுத்து, உயிர்மெய்யோடு புள்ளி சேர்ந்ததாகக் குறிக்கப்படுவதால், 'க்' என்பது 'கௌ'வுக்கும் பின்னால் தள்ளப்படுகிறது. ஓர் அகராதியை எழுத்துக்கு ஒரு கோப்பாகப் பிரித்து, கோப்புகளுக்கு அவ்வவ்வெழுத்தையே பெயராக இட்டு, வெறும் குறியெண் வரிசையில் ஏற்றுமதி செய்தால், நெடுங்கணக்கின் இறுதியில் நிற்க வேண்டிய ன நூலின் நடுவில் வந்து அமரும். தமிழ் வரிசை அறிந்த ஒப்பீட்டு முறைகள் இன்று கிடைக்கின்றன. எனினும் கோப்புகளைத் திரட்டும் நிரல் அவற்றைக் கைக்கொள்கிறது என்பதற்கு உறுதியில்லை. வரிசையை எண்ணாலோ பட்டியலாலோ எழுதிவைப்பதே பாதுகாப்பானது.

வரிசையை எழுதிவைக்கும் அருமை தமிழ்த் தொகை மரபுக்குப் புதிதன்று. அகநானூற்றில் ஒற்றைப்படை எண்ணுள்ள பாடல்கள் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். பத்தின் மடங்குகள் நெய்தல். களிற்றியானை நிரை 1 முதல் 120 வரை, மணிமிடை பவளம் 121 முதல் 300 வரை, நித்திலக் கோவை 301 முதல் 400 வரை என மூன்று பகுதிகளாக நூல் பிரிந்திருந்தும், எண் புதிதாகத் தொடங்காமல் தொடர்கிறது. திணை வரிசையும் இடையறவில்லை. ஒரு பாடல் இடம் மாறினால் அதன் திணையே அதனைக் காட்டிக்கொடுக்கும். பல புலவர் பாடிய தனிப்பாடல்களை நூலாக்கியது இந்த வரிசையே. அதனை அமைத்தவரின் பணியும் பெயரில்லாமல் போகவில்லை. தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர் என்றும், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி என்றும் மரபு போற்றிவைத்துள்ளது.

7. தமிழ் மின்னூல்களும் சேர்ப்பும்

புலம்பெயர்ந்த தமிழரின் கூட்டு முயற்சிகளுள் இவ்வரலாற்றோடு நேரே தொடர்புடையது மதுரைத் திட்டம். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய இத்திட்டத்தைச் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்தார். பல நாடுகளில் வாழும் தன்னார்வலர் தட்டச்சு செய்தும் மெய்ப்பு நோக்கியும் அனுப்பும் உரைகள் மின்னூல்களாயின. நெடிய நூல்கள் பல கோப்புகளாகவே வெளியிடப்பட்டன. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' அவற்றுள் ஒன்று. இவ்வாறு கிடைக்கும் உறுப்புகளை ஒரே நூலாக ஏற்றுமதி செய்ய விழைவோர் முன்னே கூறிய மூன்று வினாக்களோடு மேலும் சிலவற்றையும் சந்திக்க நேர்கிறது.

முதலாவது குறியாக்கம். திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் டிஸ்கி என்ற எட்டு நுண்மிக் குறியாக்கம் பெரிதும் வழங்கியது. பின்னர் உரைகள் ஒருங்குறியிலும் அமைந்தன. டிஸ்கி எழுதும் தோற்றத்தைப் பின்பற்றுவது. 'கெ' என்பதில் கொம்பு முன்னும் ககரம் பின்னும் பதியப்படும். ஒருங்குறியில் ககரம் முன், கொம்பு பின். ஒரு கோப்பு டிஸ்கியிலும் மற்றொன்று ஒருங்குறியிலும் இருக்க, இரண்டையும் வெறுமனே ஒட்டினால் ஒரு பாதி படிக்க இயலாத குறிகளாக மாறும். மாற்றியபின் சேர்க்க வேண்டுமேயன்றிச் சேர்த்தபின் மாற்றலாகாது.

எல்லாக் கோப்புகளும் ஒருங்குறியிலேயே இருந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. ஒகர உயிர்மெய்யின் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஒருவர் ஒரு முறையிலும் மற்றவர் வேறொரு முறையிலும் தட்டச்சு செய்த இயல்களைச் சேர்த்தால், 'கொடி' என்று தேடுபவர்க்குப் பாதி நூலே விடை சொல்லக்கூடும். சொல்லடைவில் ஒரே சொல் இரண்டு இடங்களில் நிற்கும். ஔகாரக் குறிக்கு மாற்றாகக் கொம்பும் ளகரமும் இட்டு எழுதுவதும் இத்தகையதே. ஆனால் அது பிழையாகவே கொள்ளத்தக்கது, இயல்பாக்கும் நிரல்களும் அதனைத் திருத்தா. மேலும் சில தொகுப்பிகள் ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றை வைக்கின்றன. கோப்பு தனித்திருக்கும்போது அது தீங்கற்றது. சேர்த்தபின் நூலின் நடுவில் சிக்கி, வரியின் முதலில் நிற்க வேண்டிய தலைப்புக் குறியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிடும். தலைப்பு சாதாரண வரியாகிவிடும்.

இவை யாவும் நுட்பச் சிக்கல்கள், நிரல்களால் தீர்பவை. நிரல்களால் தீராத ஒன்றும் உண்டு. மதுரைத் திட்டத்தின் ஒவ்வொரு மின்னூலின் முகப்பிலும் தட்டச்சு செய்தவர், மெய்ப்பு நோக்கியவர், இணைய வடிவம் ஆக்கியவர் ஆகியோரின் பெயர்கள் இடம்பெறுகின்றன. முகப்புப் பக்கத்தைச் சிதைக்காமல் வைத்திருந்தால் எவரும் கோப்பைக் கட்டணமின்றிப் பரப்பலாம் என்பதும் அங்கே கூறப்பட்டிருக்கும். ஐந்து கோப்புகளைச் சேர்க்கும்போது ஐந்து முகப்புகள் நூலின் இடையிடையே வந்து நிற்கும். படிப்பவர்க்கு அவை இடையூறாகத் தோன்றுவதால் தொகுப்பவர் அவற்றை நீக்கிவிடும் வாய்ப்பு மிகுதி. அக்கணத்தில், ஊதியம் கருதாது இரவு நேரங்களில் உழைத்தவர்களின் பெயர்களும் நீங்கிவிடுகின்றன. உருத்திரசன்மரின் பெயரைப் போற்றிய மரபுக்கு இது பொருந்துவதன்று. முகப்புகளை நீக்குவதன்று, அவற்றைத் திரட்டி நூலின் தொடக்கத்தில், எப்பகுதிக்கு எவர் உழைத்தார் என்ற விவரத்தோடு தனி உறுப்பாக அமைப்பதே முறை. முன்னர்ப் பார்த்த எந்தக் குறிமொழியிலும் இது எளிதில் இயலும்.

8. முடிவுரை

கோப்புகளைச் சேர்க்கும் கட்டளை 1964இல் அடுத்த வரி எங்கே என்று சுட்டும் ஒற்றை வரியாகத் தொடங்கியது. அரை நூற்றாண்டில் அது எண்களின் தொடர்ச்சி, பெயர்களின் எல்லை, தலைப்பின் படிநிலை, முகவரியின் அடிப்படை ஆகியவற்றைக் காக்கும் பொறுப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டது. ஒட்டுதல் எளிது, தொகுத்தல் அரிது என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

இதிலிருந்து தமிழ் மின்னூல் பணிக்கு மூன்று நடைமுறை முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, உறுப்புகளின் வரிசையைக் கோப்புப் பெயர்களின் தற்செயலுக்கு விடாமல் முதன்மைக் கோப்பில் எழுதிவைத்தல். இரண்டாவது, குறியாக்கத்தையும் எழுத்து வடிவத்தையும் சேர்ப்புக்கு முன்பே ஒருமைப்படுத்துதல். மூன்றாவது, உழைத்தோர் பெயர்களை நூலின் ஓர் உறுப்பாகவே கொள்ளுதல்.

மின்னூலகங்கள் பெரும்பாலும் இறுதி வடிவத்தையே பாதுகாக்க முனைகின்றன. சில உறுப்புக் கோப்புகளையும் வைத்திருக்கின்றன. இவ்விரண்டுக்கும் நடுவில் நின்ற முதன்மைக் கோப்பு, சில வரிகளே உடையதாகையால், பொருட்டாக எண்ணப்படாமல் அழியக்கூடும். இறுதி வடிவம் மட்டும் எஞ்சினால் திருத்தவோ மறுபதிப்புச் செய்யவோ முடியாது. உறுப்புகள் மட்டும் எஞ்சினால், கயிறு அறுந்த சுவடிக் கட்டை முன்வைத்து ஏட்டுக்கு ஏடு தொடர்பு தேடிய பதிப்பாசிரியரின் நிலையே அடுத்த தலைமுறைக்கும் வாய்க்கும். பல நாடுகளில் இருந்தபடி நாம் தட்டச்சு செய்யும் நூல்களின் முதன்மைக் கோப்பு அந்தக் கயிறு. உறுப்புகளோடும் இறுதி வடிவத்தோடும் அதனையும் சேர்த்தே பாதுகாத்தல் வேண்டும்.